கல்யாணக் காருக்கு 215/55

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்குப் புசல்லாவையிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டேன். காருக்குள் மணப்பெண் – என் அண்ணன் மகள் தர்ஷினி. பத்தேகாலுக்குள் தாலி ஏற வேண்டும். கண்டி மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள்.

பெண்ணை அழைத்துப்போக வேன் பேசுகிறேன் என்றுதான் அண்ணன் சொன்னார். நான்தான் விடவில்லை. "என் கார் இருக்கும்போது வேன் எதுக்கு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் தெரியுமா? என் பழைய செடானுக்கு அப்போதுதான் புது அலோய் வீல் போட்டிருந்தேன். அதை நாலு பேர் பார்க்க வேண்டாமா?

புது என்றால், எனக்குப் புது. கடுகண்ணாவையில் ஒருவர் தன்னுடைய பெரிய காரிலிருந்து கழற்றி வைத்திருந்ததை டயரோடு சேர்த்து வாங்கினேன். பதினேழு அங்குலம். நட்டுத் துளைகள் என் காருக்குப் பொருந்தின. கறுப்பும் வெள்ளியும் கலந்து அப்படியொரு பளபளப்பு. நாற்பத்தெட்டு வயதில் ஒருவனுக்கு இப்படி ஆசை வரலாமா என்று கேட்காதீர்கள்... வந்துவிட்டது.

அவற்றைப் பூட்டுவதற்குக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு டயர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் நிஸாம் நானா குனிந்து டயரில் எழுதியிருந்ததை வாசித்தார். 215/55 R17. பிறகு என் பழைய டயரை வாசித்தார். 195/65 R15.

"வீல் நல்லம் சேர். டயர் சரிவராது," என்றார். "ரிம் ஏறினா ரப்பர் எறங்கணும். இருநூத்தஞ்சு, அம்பது, பதினேழு போடுங்க. ஒங்கட வாகனம் பழைய உசரத்திலயே நிக்கும்."

விஷயம் அவ்வளவுதான். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை வீதம் டயரின் பக்கச் சுவரின் உயரம் என்பது. மூன்றாவது, ரிம்மின், அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். ரிம் இரண்டு அங்குலம் பெருத்தால் பக்கச் சுவர் அதற்கேற்பச் சிறுக்க வேண்டும். டயரின் மொத்த உயரம் மாறக்கூடாது. எனக்கு வாய்த்ததோ பழையதைவிட மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் உயரம். இன்றைக்கு நான் போட்டிருப்பது நானா சொன்ன அளவுதான். அன்றைக்கு?

அன்றைக்கு, நல்ல டயரைக் கழற்றி எறிய மனம் வரவில்லை. "நம்ம ரோட்டுல இருக்கிற குழிக்கு மொத்தமான டயர்தான் நல்லம்," என்று டயர்க் கடைக்காரருக்கே பாடம் எடுத்தேன்.

"பின்னுக்கு ஆள ஏத்தினா மட்காட்ல புடிக்கும் சேர். ஆள ஏத்தி ஒருக்கா ஓட்டிப் பாருங்க."

"நானும் வைஃபும்தானே போறோம்," என்றேன். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தோம். எங்கும் உரசவில்லை. கண்டிப் பட்டணத்துக்குள் இரண்டு வாரம் ஓடியும் ஒரு சத்தமும் இல்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். முன் சீட்டில் என் அக்கா, மடியில் தாம்பாளம். பின்னால் தர்ஷினி, அவள் அம்மாவான என் அண்ணி, அண்ணியின் தங்கை. டிக்கி நிறையச் சீர்ப் பாத்திரங்கள், குத்துவிளக்கு, ஒரு மூட்டை தேங்காய். இரண்டு பேர் அழுத்தித்தான் டிக்கியை மூடினார்கள். அண்ணனும் என் மனைவியும் சொந்தக்காரர்களோடு பின்னால் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

ஊரைத் தாண்டியதும் முதல் இறக்கம். இடப்பக்கம் திரும்பும் வளைவு. காரின் பின்னால், வலப்பக்கச் சக்கரத்தில் 'கர்ர்...' என்று ஒரு சத்தம். வளைவு முடிந்ததும் சத்தம் நின்றது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையா? நான் என்ன செய்தேன் தெரியுமா? காரில் ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வரப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன். பிழை விடுவது நமக்குக் கஷ்டமே இல்லை. நாலு பேர் பார்க்க வண்டியை நிறுத்தி, அந்தப் பிழையைக் குனிந்து பார்ப்பதுதான் கஷ்டம்.

அடுத்த வளைவில் சத்தம் இன்னும் நீளமாக வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற வீதி அது, வளைவுக்கா பஞ்சம்? வேகத்தைக் குறைத்தேன். பின்னால் ஒரு தனியார் பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. ஏசி ஓடியும் என் கழுத்து நனைந்துவிட்டது.

"என்னடா, தீஞ்ச வாசம் வருது?" என்று அக்கா மூக்கைச் சுளித்தாள்.

"தேயில ஃபெக்டரிக்கா," என்றேன். பக்கத்தில் ஃபெக்டரி எதுவும் இல்லை. அக்கா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தேயிலை வாசம் அவளுக்குத் தெரியாதா? கல்யாண அவசரத்தில் விட்டுவிட்டாள்.

தர்ஷினி வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில். கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"சித்தப்பா, என் பக்கம் கீழ ஏதோ ஒரசுது. கால் அதிருது."

"ரோடு அப்படிம்மா. நீ பயப்படாத."

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள். சித்தப்பா சொன்னால் சரி. அந்த நம்பிக்கையைக் கண்ணாடியில் பார்த்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அப்போதும் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம்... கம்பளைக்குப் போய்விட்டால் வீதி நேராகிவிடும்... டயர் என்ன, அவ்வளவு சீக்கிரம் வெடித்துவிடுமா?

கம்பளைக்குச் சற்று முன்னால் ஒரு ஓட்டோக்காரர் எங்களை முந்தினார். தலையை வெளியே நீட்டி, "மஹத்தயா, டயர் எகென் தும்," என்று கத்திவிட்டுப் போனார். டயரிலிருந்து புகை வருகிறதாம். காருக்குள் இருந்த ஐந்து பேருக்கும் அது விளங்கியது.

நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தேன். மட்காட்டின் உள்விளிம்பு, டயரின் ஓரத்தைச் சுற்றிவரச் சீவியிருந்தது. ஓரிடத்தில் ரப்பர் போய் உள்ளே நூல் தெரிந்தது. இடப்பக்கச் சக்கரத்தையும் சீவத் தொடங்கியிருந்தது. இன்னும் எத்தனை வளைவு தாங்கியிருக்கும்? உள்ளே நான்கு பெண்கள், அதில் ஒருத்தி மணக்கோலத்தில்... அப்படியே காரில் சாய்ந்துகொண்டேன்.

"எல்லாரும் எறங்குங்க," என்றேன்.

அக்கா அசையவில்லை. "நல்ல நேரம் பாத்து ஏத்துன பொண்ண நடு ரோட்டுல எறக்குவியா? அவ உள்ளயே இருக்கட்டும். நீ டயர மாத்து."

"அவள உள்ள வச்சிக்கிட்டு ஜெக் அடிக்க ஏலாதுக்கா. ஒரு ஸ்பெயார் டயர்தான் இருக்கு. இத மாத்தினா அடுத்த பக்கம் போயிரும்."

"அப்ப மெதுவா ஓட்டு. இவ்வளவு தூரம் வந்தோம்தானே?"

இனி மறைக்க வழியில்லை. "அக்கா, இது என் பிழை. இந்தக் காருக்கு இந்த டயர் பெருசு. கடக்காரர் சொன்னாரு, நான் கேக்கல. மொத வளைவுலயே எனக்குத் தெரியும்."

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டு அதை நிறுத்தினேன்.

தர்ஷினி கதவைத் திறந்தாள். அக்கா தடுப்பதற்குள் பட்டுச் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வீதியோரத்துக்கு வந்து நின்றாள். "நான் பஸ்ல போறேன் அத்த," என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணனுக்குப் போன் எடுத்தேன். பஸ் இன்னும் புசல்லாவையை விட்டே புறப்படவில்லை. மாலைக் கூடையை மறந்துவிட்டு எடுக்கப் போயிருக்கிறார்கள். கம்பளையில் தெரிந்தவரிடம் வேன் கேட்டேன். முகூர்த்த நாளில் எந்த வேன் சும்மா நிற்கும்? வந்த ஓட்டோக்களிலெல்லாம் ஆள்.

எட்டு மணி. எட்டேகால். எட்டரை. வீதியில் போன வாகனங்களெல்லாம் மெதுவாகி எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. மாலை போட்ட கார், அதற்குப் பக்கத்தில் வெயிலில் மணப்பெண். அண்ணி அழுதுகொண்டே மகளின் முகத்தில் வேர்வையை ஒற்றிக்கொண்டிருந்தாள். நேரம் தவறினால் காலம் முழுக்க அந்தப் பிள்ளைக்கு ஒரு பேச்சு நிற்கும். அதற்குக் காரணம் நான். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பஸ் வந்தது. பெண்ணையும் சீரையும் ஏற்றினார்கள். அண்ணன் இறங்கி டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் பஸ்ஸில் ஏறிவிட்டார். நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பழைய ஸ்பெயார் டயரைப் பூட்டி, வெறும் காரை உருட்டி உருட்டி மண்டபத்துக்கு வந்தேன். பந்தியில் பாயாசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பத்துக்குத் தாலி கட்டியாகிவிட்டதாம். மண்டபத்துக்குப் பின்னால் கைகழுவும் இடத்தில் போய் நின்று அழுதேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு அட்சதை போட நான் இல்லை.

பின்னேரம் மணமக்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட வேண்டும். வாசலில் மாலையோடு என் கார்தான் நிற்கிறது. மாப்பிள்ளையின் அப்பா, "காலையில கார் பழுதாமே, இப்ப சரிதானே? ஏறுங்க, ஏறுங்க," என்று கதவைத் திறந்து பிடித்தார். பேசாமல் இரு என்று அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள். கொஞ்சத் தூரம்தானே... மலையும் இல்லை, வளைவும் இல்லை...

தர்ஷினி ஏறவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, ஏறலாமா?"

சம்பந்தி வீட்டார், கெமராக்காரர், அண்ணன் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வேணாம்மா," என்றேன். "நான் பிழையான டயர் போட்டிருக்கேன். இதுல ஏறாத."

அவள் தலையாட்டினாள். அன்றைக்கு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ ஒரு வேனைக் கொண்டுவந்தார்கள், இருவரும் அதில் ஏறிப் போனார்கள்.

அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு ஐந்து செக்கன் எடுத்திருக்கும். காலையில் அதே பதிலுக்குப் பதினைந்து கிலோமீற்றர் எடுத்தது.