வெட்டுத் துண்டில் தைத்த வளையல்

என் தையல் மிஷின் டிராயரில் ஒரு வளையல் கிடக்கிறது. கண்ணாடியும் இல்லை, பொன்னும் இல்லை. நீலக் கோடு போட்ட சட்டைத் துணியின் வெட்டுத் துண்டைச் சுருட்டி, உள்ளே எலாஸ்டிக் வைத்துத் தைத்தது. சாயம் வெளுத்துவிட்டது. ஊசி தேடிக் கையை விடும்போதெல்லாம் விரலில் படும். அதைத் தைத்துப் போட்டவரை நாங்கள் லைன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

திருத்தணிக்கு வெளியே இருந்த ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் எங்கள் வரிசைக்கு அவர்தான் சூப்பர்வைசர். நகரிப் பக்கத்துக்காரர், தமிழைத் தெலுங்கு ராகத்தில் பேசுவார். நான் ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, காலர் தைத்து, யாரிடமும் அதிகம் பேசாமல் வீடு திரும்புகிறவள். தலைப்பிள்ளை உண்டானதைக்கூட அங்கே சொல்லவில்லை. கூச்சம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். எங்கள் சட்டைகளை வாங்கும் நாட்டில் அப்போது விலைவாசி ஏறி, ஜனங்கள் தெருவில் இறங்கி, கடைகளை மூடிவிட்டார்களாம். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே கடை சாத்தினால் இங்கே மிஷின் நிற்கும் என்பது மட்டும் அப்போது புரிந்தது. வேலை மந்தம் என்று வாராவாரம் சிலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் ஓட்டிய விசைத்தறியும் நின்றிருந்தது. வயிற்றை மறைத்தால் என் வேலையாவது நிலைக்கும் என்று நம்பினேன்.

லைன் அக்கா என் ஸ்டூலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். மிஷினை ஒட்டி உட்காருகிற நான், நாளுக்கு நாள் அதைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, மிஷினோட சண்டையா? தள்ளித் தள்ளிப் போய்கினு இருக்கற? எத்தனை மாசம்?"

"அஞ்சுக்கா. யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா."

"அட பைத்தியமே! சொல்லலன்னாதான் அனுப்புவாங்க. மாசமா இருக்கறவள அதுக்காகத் தூக்கக் கூடாது, சட்டம் இருக்குது. 'எங்களுக்குத் தெரியாதே'ன்னுட்டா இன்னா பண்ணுவ? எல்லாருக்கும் தெரியற மாதிரி வளையல் போட்டுடுவோம்."

"அது ஏழாம் மாசம்தானே..." என்று இழுத்தேன்.

"ஏழு வரைக்கும் உன்ன யாரு வச்சிகினு இருப்பா?"

கிருத்திகை அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தைக் குறித்தார். தைக்கிற இடத்தில் கண்ணாடி வளையல் கூடாது. சில்லு உடைந்து சட்டைக்குள் போனால் சரக்கே திரும்பிவிடும். அதனால் எங்கள் வரிசைப் பெண்கள் ஆளுக்கொன்றாக வெட்டுத் துண்டில் வளையல் தைத்திருந்தார்கள். அவரவர் வீட்டிலிருந்து புளிசாதமும் எலுமிச்சை சாதமும் வந்தன. என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். நான் தலை நிமிரவில்லை. லைன் அக்கா நேராகப் போய் மேனேஜரைக் கூட்டி வந்தார். கிருத்திகை தவறாமல் முருகன் மலைக்கு ஏறுகிறவர் அந்த மேனேஜர்.

"சந்தனம் எடுத்துக்கோங்க சார். கிருத்திகையும் அதுவுமா வேணாம்னு சொல்லக் கூடாது."

"யாருக்கும்மா விசேஷம்?"

"நம்ம காலர் பொண்ணுக்கு. அஞ்சு மாசம். பையன் பொறந்தா உங்க பேர்தான் சார்!"

கூடமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். சந்தனம் பூசிக்கொண்டு புளிசாதமும் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் அக்கா எல்லோர் காதிலும் விழும்படி, "சட்டப்படி உள்ள லீவு அவளுக்கு உண்டுதானே சார்?" என்றார். வாயில் சோற்றோடு அவர், "ஆங், உண்டு, உண்டு" என்று தலையாட்டினார். சட்டம் என்றால் கோர்ட்டு, வக்கீல் என்று நினைத்திருந்தவள் நான். அன்று அது சந்தனக் கிண்ணத்தோடு வந்தது.

அடுத்த வாரம் அனுப்பப்பட்டவர்களில் நான் இல்லை. பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. மகள் பிறந்தாள். திரும்பிப் போனபோது லைன் அக்காவைக் காணோம். சூப்பர்வைசர்கள் அதிகம் என்று அனுப்பிவிட்டார்களாம். அவருக்காக யார் பேசினார்களோ தெரியவில்லை. பிறகு ஒருநாள் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். குழந்தையை வாங்கிக் கொஞ்சி, "மேனேஜர் பேரு வெக்க முடியாம போச்சே!" என்று சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "போடி, உன் பஸ் வந்துடுச்சு" என்றார்.

அந்த மகள் இப்போது செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனிக்குப் போகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள், என் காதருகே குனிந்தாள்.

"முழுகாம இருக்கேம்மா. கம்பெனில யாருக்கும் தெரிய வேணாம். வெளிநாட்ல ஏதோ கலாட்டாவாம், ஆளக் கொறச்சிகினு இருக்காங்க."

டிராயரைத் திறந்து அந்த வளையலை எடுத்து அவள் கையில் போட்டேன். கூடையில் இருந்த வெட்டுத் துண்டுகளையெல்லாம் மிஷின் மேல் கொட்டினேன்.

"உன் லைன்ல எத்தனை பேருடி?" என்று கேட்டேன்.