தந்தைக்கு ஒரு நகல்

எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

தலைநகரில் ஆர்.கே.புரத்தில் இருக்கும் எங்கள் விடுதிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. புருஷன் அடி தாங்காமல் ஓடி வந்த பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் தங்கும் இடம் அது. ஆட்டோவில் வந்தால்கூட இரண்டு தெரு தள்ளித்தான் இறங்குவோம். நான் அங்கே தொலைபேசி எடுப்பவள். விடுதியைக் கட்டி மேய்ப்பவர் சுந்தரவல்லி அக்கா.

அக்காவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். முப்பது வருஷம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் தபால் அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. அவர் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்ததில்லையாம். ஓய்வு பெற்ற மறுவாரமே இங்கே வந்துவிட்டார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "ஏன், உனக்குப் பொழுது போகலையாக்கும்" என்றார்.

போன குளிர்காலத்தில் சுபாஷிணி வந்தாள், எட்டு வயது மகள் ஷ்ருதியோடு. அவளுக்கு விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது. "இனிமே கண்டுபிடிச்சான்னா கொன்னுடுவான்க்கா" என்றாள். அவன் அனுப்பிய செய்திகளை நானே படித்தேன்; அவள் மிகையாகச் சொல்லவில்லை. கிட்டே வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவே இருந்தது.

ஷ்ருதியைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தோம். பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டு எங்கள் கௌரவச் செயலாளர் சேஷன் கடிதம் எழுதினார். மத்திய அரசில் துணைச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்று சொல்லிச் சொல்லியே அவரைக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

ஒரு வியாழக்கிழமை காலை அக்கா கோப்பைப் புரட்டியபோது அந்தக் கடிதத்தின் அடியில் ஒரு வரியைப் பார்த்தார். 'நகல்: குழந்தையின் தந்தைக்கு, தகவலுக்காக.' தலைப்பில் விடுதியின் முழு விலாசம். அக்கா அப்போதே சேஷனுக்கு போன் போட்டார்.

"சார், அந்த ஆளுக்கா காப்பி அனுப்பினீங்க?"

"சம்பந்தப்பட்ட பார்ட்டிக்கு மார்க் பண்றதுதானேம்மா முறை. நாளைக்கு அவர் ஆட்சேபணை பண்ணப்படாது பாருங்கோ."

"ஒங்க முறையில இடி விழ. அவளை நடுரோட்டுல வெட்டிப் போட்டான்னா அதுக்கு யார் யாருக்குக் காப்பி போடணும்னு இப்பவே சொல்லிருங்க."

பதிவுத் தபால் எங்கே இருக்கிறது என்று நெட்டில் பார்த்தோம். முந்தின நாள் மாலையே அவன் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தான்.

"ஜல்தி, துணியெல்லாம் எடு" என்று சுபாஷிணியிடம் சொல்லிவிட்டு, அக்கா பள்ளிக்கு ஓடி ஷ்ருதியைப் பாதி வகுப்பில் அழைத்து வந்தார். அந்த வருஷம் அது அவளுக்கு இரண்டாவது பள்ளி. "ஆன்ட்டி, நாளைக்கு என் டான்ஸ் இருக்கு. நான் ஃபர்ஸ்ட் லைன்" என்றாள் குழந்தை. எனக்கு அழுகையாக வந்தது.

அக்காவே அவர்களை வேறொரு இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பினார். நான்கு மணிக்கு அவன் தன் தம்பியோடு வாசலில் நின்றான்.

"அப்படி யாரும் இங்க இல்ல" என்றார் அக்கா.

அவன் கடிதத்தை நீட்டினான். "உங்க லெட்டர்தானே? உங்க சீல்தானே?"

அக்கா வழியை மறித்துக்கொண்டு நின்றார், நான் உள்ளே போலீசுக்கு போன் செய்தேன். அவர்கள் வருவதற்குள் அவன் ஜன்னல் இரண்டை உடைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் சேஷன் வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், விடுதிப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா எதிரில் உட்கார்ந்தார்.

"அவாளை எங்கே மாத்தினேள்? புது விலாசத்தை ஏத்தணுமே."

"எனக்குத் தெரியாது சார்."

"காலியா விடப்படாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"காலியாவே கெடக்கட்டும்" என்றார் அக்கா.

அவர் மடியில் இருந்த பைக்குள் ஷ்ருதியின் சலங்கை இருந்தது, சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு. சேஷன் எழுந்து போகும்வரை அது சத்தம் போட்டுவிடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.