அடிப்பாறை வரை

அந்தக் கோடை லீவுக்கு ஸ்தவாங்கரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போவதென்றுதான் பேச்சு. போனது நோர்வேயின் வடகோடியில் இருக்கும் ஃபின்மார்க்குக்கு. என் கணவர் ஒஸ்லோவில் டாக்சி ஓடினார். ஒரு பயணி சின்னக் குப்பியொன்றை எடுத்துக் காட்டி, வடக்கே ஓர் ஓடையில் தானே அலசியெடுத்த பொன் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்கு வேறு கதை இல்லை. ஒஸ்லோ வெஸ்ட்லியில் எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் மணலைக் கொட்டி, பொன் அலசும் தட்டைச் சுழற்றிப் பழகினார். தண்ணீர் போகும் குழாய் அடைத்ததுதான் மிச்சம்.

"பொன் பாரம். அடியிலைதான் போய்க் கிடக்கும். அடிப்பாறை வரைக்கும் தோண்டினால்தான் காணலாம்" என்று எனக்குப் படிப்பித்ததும் அவர்தான்.

தெரு முடிந்த இடத்தில் காரை விட்டு, கூடாரம், பாறை நெம்ப இரும்பு அலவாங்கு, மண்வெட்டி, அலுமினியப் பீலி எல்லாவற்றையும் சதுப்புக்குள்ளால் சுமந்தோம். பீலியின் அடியில் வரிவரியாக ரப்பர் விரிப்பு. அதை ஓடையில் வைத்து மண்ணைப் போட்டால் கல்லும் மணலும் ஓடிவிடும், பாரமானது விரிப்பில் தங்கும். கடித்தது போதாதென்று நுளம்பு தேத்தண்ணிக்குள்ளும் விழுந்தது.

முதல் குழியில் இடுப்பளவு இறங்கியதும் அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"இதுக்குள்ளை ஒண்டுமில்லை. அந்த வளைவிலை பாப்பம்."

"அடிப்பாறை இன்னும் வரேல்லையே?"

"வந்தாலும் இராது. எனக்குத் தெரியும்."

வளைவிலும் அதே கதை. பாதியில் இன்னொரு இடம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு முறையும் கல் புரட்டி, வாளியால் தண்ணீர் இறைத்து, என் உள்ளங்கை தோலுரிந்தது. மூன்றாவது குழியையும் விட்டு அவர் கிளம்பியபோது நான் அசையவில்லை.

"நீங்கள் போங்கோ. நான் இதை முடிச்சுப்போட்டுத்தான் வருவன்."

"உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான்."

அவர் போய்விட்டார். கோபத்தில் தோண்டினேன். கடைசியில் அலவாங்கு பட்ட சத்தம் மாறியது. பாறையில் ஒரு வெடிப்பு. அதற்குள் இறுகிய களிமண். சோற்றுக் கரண்டியால் கொஞ்சம் சுரண்டித் தட்டில் அலசினேன். கறுப்பு மணலின் ஓரத்தில் மஞ்சளாகச் சில துகள்கள் நின்றன. தட்டைச் சாய்த்தும் அவை நகரவில்லை.

கத்திக் கூப்பிட்டேன். ஓடிவந்து, தட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். சந்தோஷம் என்று ஒன்றை அந்த முகத்தில் நான் காணவில்லை.

"எங்கை எடுத்தனீர்?"

"நீங்கள் விட்டிட்டுப் போன குழியிலை."

அப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு எல்லாம் அவர் கைக்குப் போனது. வெடிப்பிலிருந்த களி முழுவதையும் தோண்டிப் பீலியில் போட்டார். நான் ஓரமாக நின்றேன். போட்டு முடித்ததும் விரிப்பைக் கழற்றி, ஓடும் தண்ணீருக்குள்ளேயே படபடவென்று உதறினார்.

"வாளிக்குள்ளை! வாளிக்குள்ளையெல்லோ கழுவ வேணும்!"

தண்ணீர் ஒரு கணம் கறுத்துத் தெளிந்தது. அவர் வெறும் விரிப்பைப் பிடித்தபடி நின்றார்.

"கார் விரிப்பை உதறின மாதிரி... கை தன்பாட்டிலை செய்துபோட்டுது."

ஓடையின் கீழ்ப்பக்கத்தை இருவரும் அலசிப் பார்த்தோம். ஒன்றுமில்லை. மழை பிடித்தது, ஓடை ஏறிக் குழியை மூடியது, லீவும் முடிந்தது. என் தட்டில் வந்த துகள்கள் மட்டும் மிஞ்சின. ஒஸ்லோ வரும்வரை, பெற்றோல் அடிக்க நிறுத்தும்போது மட்டும் கதைத்தோம்.

அடுத்த கோடையும் போனோம். நான்தான் போகவேண்டுமென்று நின்றேன். பனி உருகி வந்த வெள்ளம் கல்லையெல்லாம் புரட்டிப் போட்டிருந்தது.

"உம்மடை குழி எது?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. இதுவாக இருக்கலாம் என்று ஓரிடத்தைக் காட்டினேன். இந்த முறை அவர் பாதியில் எழும்பவில்லை. மாறிமாறித் தோண்டி அடிப்பாறையைக் கண்டோம். வெடிப்பில்லை, களியில்லை. கழுவித் துடைத்த குசினித் தளம்போல வழுவழுவென்று கிடந்தது.

அவர் குழிக்குள் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்.

"இனி?"

"இனி என்ன? தோண்டின குழியை மூட வேணும்" என்று சொல்லி, மண்வெட்டியை எடுத்தேன்.