பச்சை நூல் கட்டிய சாவி

பேய்க் கதை எழுதுகிறவன் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனாலும் சொல்கிறேன். இது நான் எழுதியது இல்லை. எனக்கு நடந்தது.

எனக்குக் கற்பனை கம்மி. ஏதாவது ஒரு பொருள் கையில் இருந்தால்தான் கதை வரும். பெரிய சலவைக் கூடம் ஒன்றில் நாலு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தேன். துணியை மெஷினில் போடும் முன் பாக்கெட்டுகளைத் துழாவுவது என் வேலை. கிடைப்பதை உறையில் போட்டு, சீட்டு எழுதி, துணியோடு திருப்பித் தர வேண்டும். பணம், நகை எதையும் தொட்டதில்லை. பொத்தான், கசங்கிய பட்டியல், பல் உடைந்த சீப்பு... மனசை இழுப்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. சொந்தக்காரர் செத்த பிறகு அந்தப் பொருளைத் தேடி வருவார். என் எல்லாக் கதையும் இதுதான்.

ஒரு ராத்திரி வெறுத்துப்போய் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். அன்று கடைசியாக எடுத்தது ஒரு சாவி. ஒரு பெண்ணின் கோட்டில் இருந்தது. பச்சை நூல் கட்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு பகலில் அதற்கான கதையை எழுத உட்கார்ந்தேன். செத்துப்போனவள் வலது காலை இழுத்து இழுத்துப் படியேறி வருகிறாள். கதவருகே அவளிடம் மாட்டுவது ஒரு அக்கா. அதற்கு என் அக்காவையே தூக்கிப் போட்டேன். மூச்சு வாங்க மாடி ஏறுவது, சாவி இருந்தும் கதவைத் தட்டுவது, எல்லாம். முடிவில் அக்கா சாகிறாள். நல்ல முடிவு என்று நினைத்தேன்.

மணி 4:52. அக்கா வேலை முடிந்து வருவது 5:10க்கு.

படியில் சத்தம்.

தட்... சர்ர்ர்... தட்... சர்ர்ர்...

எங்கள் கதவுக்கு முன்னால் நின்றது.

"அக்கா?"

சாவித் துவாரத்தில் ஏதோ உரசியது. இரும்பு இல்லை. நகம்.

4:58. கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். யாரும் இல்லை. உரசல் மட்டும் நிற்கவில்லை.

5:04. அக்கா தெருமுனைக்கு வந்திருப்பாள். நான் எழுதியபடியே மேலே ஏறி வருவாள்...

டப்பாவைத் திறந்தேன். சாவியைக் கதவுக்கு அடியில் தள்ளினேன்.

பாதிதான் போனது.

மீதியை அந்தப் பக்கமிருந்து இழுத்தார்கள்.

தட்... சர்ர்ர்... கீழே இறங்கியது.

அக்கா மேலே வரும் நேரம்.

5:10.

தட். தட். தட்.

"திறடா ஆந்தை! பகல்லயும் தூங்குறியா?"

உயிரோடுதான் இருந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"யாருடா அது, படியில நொண்டிக்கிட்டு ஒரு பொம்பளை? 'வலது கால் இல்லம்மா, இடது கால். தம்பியைத் திருத்தச் சொல்லு'ன்னு சொல்லிட்டுப் போறா. என்னடா கூத்து இது?"

அந்தக் கதையை நான் யாருக்கும் காட்டவில்லை. மேஜையில் மூடாத பேனாவோடு கிடந்தது.

மறுநாள் பழைய சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"ஆந்தையா? சொல்லாம ஓடினவனுக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சோ?"

"அண்ணே, பச்சை நூல் கட்டின சாவி... யாராவது கேட்டு வந்தாங்களா?"

அவர் குரல் இறங்கியது. "நீ போன மறுநாளே ஒரு பொண்ணு வந்துச்சு. கோட்டுலதான் வெச்சேன்னு அழுதுச்சு. இல்லைன்னு அனுப்பிட்டோம். அன்னிக்கே ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள போகப் பாத்து, கீழ விழுந்துருச்சு. முறிஞ்ச காலை இழுத்துக்கிட்டே வாசக்கதவு வரைக்கும் வந்திருக்கு. அங்கயே முடிஞ்சுபோச்சு."

"எந்தக் கால்ண்ணே?"

"இடது. ஏன்டா?"

போனை வைத்துவிட்டேன்.

டப்பாவில் இன்னும் பதினேழு பொருள்கள் இருக்கின்றன. பதினேழுக்கும் கதை எழுதி முடித்துவிட்டேன். எது யாருடையது என்று ஒரு சீட்டுகூட இல்லை.