அம்மனின் நடைவேகம்

கனடாவில், கால்கரியில், என் பக்கத்து வீட்டுக்காரர் ரே, பால் வாங்கிவரப் போவதற்கு ஒரு பிக்கப் வண்டியை எடுக்கிறார். எங்கள் ஊர் செஞ்சிப் பக்கம் அவ்வளவு பெரிய வண்டி வந்தால் அதில் ஒரு கல்யாணத்தையே ஏற்றிவிடுவார்கள். சமையல் பாத்திரம், வாழைமரம், மாப்பிள்ளையின் பெரியப்பா எல்லாம் சேர்த்து. இங்கே அதன் பின்பெட்டியில் நான் இதுவரை பார்த்தது ஒரு நாய், பனி அள்ளும் ஒரு மண்வாரி, அவ்வளவுதான். வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இன்னமும் காலையில் ஜன்னல் வழியே அந்த வண்டி காலியாகக் கிளம்புவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஓடிப்போய் நாலு மூட்டையாவது ஏற்றிவிடலாமா என்று கை பரபரக்கும்.

நான் வேலை செய்வது வண்டி உதிரிபாகங்கள் வைக்கும் ஒரு கிடங்கில். அலமாரியிலிருந்து எடுத்துப் பெட்டியில் போடுவதுதான் வேலை. ஆனால் ஊரில் எனக்கு வண்டி நிபுணர் என்று பெயர் வந்துவிட்டது, நானும் மறுக்கவில்லை. அந்தப் பெருமையில் இருந்தபோதுதான் அக்கா போன் செய்தாள். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை மாமா ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார். நெல் அறுப்பு நாளில் செஞ்சிக்கு மூட்டை ஏற்றுவார், மற்ற நாளில் எது கிடைத்தாலும் ஏற்றுவார்.

"தம்பி, மாமா வண்டியில கிரவுன மாத்தணும்னு சொல்லுது. மாத்தலாமா, வேணாமா? நீ சொன்னாதான் செய்வேன்னு குந்திகினு இருக்குது."

பிக்கப்பின் பின் அச்சுக்கு நடுவில் இரும்புக் குடம் போல ஒன்று தொங்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும், அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னதும் இருக்கின்றன. மாமாவின் வண்டியில் பினியன் நாலு சுற்று சுற்றினால் டயர் ஒரு சுற்று சுற்றும். வேறு ஜோடி போட்டு அதை ஐந்துக்கு ஒன்று ஆக்கலாம். இழுவை கூடும், வேகம் குறையும். நான் அக்காவுக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறும், டீசல் அதிகம் குடிக்கும், பின்னால் விற்கப் போனால் எவனும் வாங்க மாட்டான், ஆகவே வேண்டாம் என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"நீ சொல்றதெல்லாம் வேகமா போவறவங்களுக்கு. எங்களுக்கு மெதுவா போவணும்டா. நம்ம தெரு மேட்டுல, அம்மன ஏத்திகினு."



எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே, பாறைச் சரிவின் மேல் இருக்கிறது. அரசாங்கப் பதிவேட்டில் அதற்கு ஒரு தலைவரின் பெயர். ஊர் வாயில் காலனி. ஆடித் திருவிழாவில் அம்மன் ஊரெல்லாம் சுற்றி எங்கள் மேட்டின் அடிவாரம் வரை வருவாள், நிற்பாள், திரும்பிவிடுவாள். நாங்கள் தட்டும் தேங்காயுமாக இறங்கி ஓடுவோம். நான் சின்னப் பையனாக இருந்தபோது மாடு மேட்டில் ஏறாது என்றார்கள். டிராக்டர் வந்தது, டிரெய்லர் சறுக்கும் என்றார்கள். பிறகு சிமெண்ட் ரோடு போட்டார்கள், சறுக்கவும் வழியில்லை. அப்போது, வண்டி நடைவேகத்தில் ஏறாது, வேகமெடுத்தால் அம்மன் ஆடிவிடும், கிளட்சை மிதித்து மிதித்து ஏறினால் பாதியில் எரிந்து நிற்கும், அது ஊருக்கே ஆகாது என்றார்கள். உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் மேட்டைப் பற்றியே பேசினார்கள்.

அக்கா போன் செய்ததற்கு முந்தின ஆடியில் பேச்சுவாக்கில் விழாக்குழுத் தலைவர் வாயை விட்டுவிட்டார். "வண்டி நின்னு நிதானமா ஏறினா வரட்டும்பா, நானா வேணாங்கறேன்?" மாமா அந்த வார்த்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இருபது பேர் எதிரில், "அப்போ அடுத்த வருசம் நம்ம வண்டி. ஏறலன்னா இந்தப் பேச்சையே நாங்க எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு வேர்த்திருக்கிறது. பாதி மேட்டில் வண்டி நின்றுபோனால் ஒரு வருடத்துக்கு இல்லை, என்றைக்குமே அவ்வளவுதான்.

சந்தேகம் தீராமல் நான் ரேயிடம் போனேன். அவர் தன் வண்டிக்கு இதே மாற்றத்தைச் செய்தவர், கோடையில் கேம்பர் என்ற சக்கர வீட்டை இழுப்பதற்காக. என்ன இழுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். இழுக்கவில்லை, ஏற்றிக்கொண்டு போகிறோம், ஒரு தெய்வத்தை என்றேன். ரே மிகுந்த மரியாதையோடு, "அவர்கள் எவ்வளவு எடை?" என்று கேட்டார். அம்மன் கம்மிதான், பூ அலங்காரம், பூசாரி, ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்தால் அதிகம் என்றேன். என்ன வேகத்தில் என்றார். மணிக்கு நாலு கிலோமீட்டர் என்றேன். "நாற்பதா?" நாலு. ரே என் தோளைத் தட்டி, அதற்கு வண்டி எதற்கு, நடந்தே போகலாமே என்றார். நடந்துதான் போகிறோம், வண்டியும் எங்களோடு நடக்க வேண்டும், அதுதான் சிக்கல் என்றேன். அதன்பின் அவர் காகிதம் எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். கடைசியில், மாற்று என்று சொன்னதும் அவர்தான்.

ஆடிக்கு லீவு போட்டுப் போனேன். திருவண்ணாமலை ரோட்டில் பாய் ஒருவரின் ஒர்க்‌ஷாப். மேலே ராஜகிரிக் கோட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, கீழே மாமாவின் வண்டி பின்சக்கரங்கள் இல்லாமல் கட்டைமேல் நின்றது. பாய் ஒரு காயலான் கடையிலிருந்து பழைய லோடு வண்டியின் கிரவுன் ஜோடியை எடுத்து வந்திருந்தார். நான் என் கிடங்கு ஞானத்தை எடுத்துவிட, பாய் எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "வெளிநாட்டுல இருந்து வந்திருக்கீங்க, கொஞ்சம் நிழல்ல குந்துங்க சார்" என்றார். மாமா சிரித்த சிரிப்பில் ஸ்பானரே கீழே விழுந்தது.

திருவிழா அன்று மாலை நாலு மணிக்கு வண்டி அடிவாரத்துக்கு வந்தது. இதற்குமுன் அம்மன் திரும்பிய இடத்தில் ஊரே நின்று பார்த்தது. மாமா முதல் கியரைப் போட்டார். நான் பக்கத்தில் நடந்தேன். வண்டி என் கால் எடுத்துவைத்த வேகத்திலேயே ஏறியது, மேலே பூச்சரம்கூட அலையவில்லை. ஆனால் பாதி மேட்டில், எங்கள் தெருப் பம்பைக்காரர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை; நட்டநடு ரோட்டில் நின்று வட்டம் கட்டி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரேயின் கணக்கில் இது இல்லை, பாயின் கணக்கிலும் இல்லை. வண்டி நின்றது. கீழே யாரோ, "பார்த்தியா, நின்னுடுச்சு" என்றார்கள். மாமா ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, "மச்சான், அடிக்கட்டும். ஆசை தீர அடிக்கட்டும்" என்றார்.

பம்பை ஓய்ந்ததும் மாமா பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கிளட்சை மெல்ல விட்டார். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. சின்ன உறுமல், அவ்வளவுதான், மேலே நடந்தது. அக்கா வாசலில் தட்டோடு நின்றிருந்தாள். பழக்கத்தில் கீழே ஓடப் பார்த்தாள், நாலு படி இறங்கியும்விட்டாள். பிறகு நினைவு வந்து, திரும்பி ஏறி, தன் வாசற்படியிலேயே நின்றாள். அம்மன் அவளிடம் வந்தாள். நான் வாய்விட்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. விழாக்குழுத் தலைவரும் வண்டியின் பின்பலகையைப் பிடித்தபடி மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார். "வண்டி பரவால்ல" என்றார். அக்கா அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் அரை வினாடி தயங்கினார், ஊரே பார்த்தது, வாங்கிக் குடித்தார்.

திரும்பி வந்ததும் ரேயிடம் வீடியோவைக் காட்டினேன். மூன்று முறை பார்த்தார். மேட்டில் நின்று கிளம்பும் இடம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். கிரவுன் மாற்றுவது பலனுள்ளதா என்று என்னைக் கேட்பவர்களுக்கு இப்போதெல்லாம் நான் பாடம் எடுப்பதில்லை. எங்கே ஏற வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

ரேயிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. விமான நிலையத்துக்கு வாடகைக் கார் பேசியிருந்தேன்; மாமா விடவில்லை, தன் வண்டியிலேயே கொண்டுவிட்டார், அக்காவும் நடுவில் நெருக்கிக்கொண்டு வந்தாள். திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினோம். எஞ்சின் நான் சொன்னபடியே அலறியது. பஸ், லாரி, ஒரு கரும்பு லோடுகூட எங்களைத் தாண்டிப் போனது. கிரவுன் மாறியதால் வேகமுள்ளும் பொய் சொல்ல ஆரம்பித்திருந்தது: டேஷ்போர்டில் எண்பது, என் போன் மேப்பில் அறுபத்து நாலு. விமானத்துக்கு நேரமாகிறது என்று ஒரு கண்ணால் போனைப் பார்த்தேன். மாமா முள்ளைக் காட்டி, "எண்பதுல போறோம் மச்சான், இன்னா டென்ஷன்" என்றார். நான் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன். விமானத்தைப் பிடித்தாக வேண்டும். ஆனாலும் அந்த வண்டி இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகாதா என்றிருந்தது.