மெக்கானிக் மேடமும் இரண்டு படிப்புகளும்

பேச்சுக்கு நடுவே மேடம் காதை ஒரு பக்கம் சாய்ப்பார். சாய்த்தால் போச்சு, நம் பேச்சு அந்தரத்தில் தொங்கும். "இருங்க, லேபிள் மிஷினுக்கு மூச்சு வாங்குது" என்று படியிறங்கி ஓடிவிடுவார். மருந்து பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிப் பெட்டியில் அடைக்கிற எங்கள் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவே அவர் பொறுப்பு. வாசல் காவலர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் 'மெக்கானிக் மேடம்'. சட்டைப்பையில் பேனா கிடையாது, ஸ்பேனர் உண்டு. "பேனாவ வச்சுக்கிட்டு எந்த நட்டத் திருகறது?" என்பார்.

அந்த மகராசிக்கு இப்போது ஒரு சோதனை. கம்பெனியே இரண்டு வருடம் மேற்படிப்புக்கு அனுப்புகிறது, எம்.பி.ஏ.வா, தொழில்நுட்ப மேலாண்மையா என்பதை மட்டும் அவர் சொல்ல வேண்டும். எம்.பி.ஏ. முடித்தால் மாடியில் நிர்வாக நாற்காலி. மற்றதை முடித்தால், புதிதாக வரப்போகும் இயந்திரங்களுக்கெல்லாம் அவர்தான் தலைமை. வெள்ளிக்கிழமைக்குள் வாயைத் திறக்காவிட்டால் வாய்ப்பு விற்பனைப் பிரிவுக்காரருக்குப் போய்விடும். அந்த மனிதர் பெட்டி கட்டாத குறையாகக் காத்திருக்கிறார்.

அன்றிலிருந்து மேடம் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் எம்.பி.ஏ., மதியம் தொழில்நுட்பம், சாயங்காலம் தலைவலி. பணியாளர் பிரிவில் இருக்கிற பாவத்துக்கு என் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து உயிரை எடுத்துவிட்டார். சன்னல் துடைக்க வருபவரைக்கூட விட்டுவைக்கவில்லை, "நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?" எது சீக்கிரம் முடியுமோ அதை என்றாராம் அவர். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நிதானஸ்தர். எதைப் படித்தாலும் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடு, அது போதும் என்று ஒதுங்கிக்கொண்டார். குட்டையைக் குழப்பியவள் மகள்தான். "நீ பெரிய மேடம் ஆகப்போறியாம்மா, பெரிய மெக்கானிக் ஆகப்போறியா?" இதை என்னிடம் சொல்லிவிட்டு மேடம் ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அதுவரை எரிச்சலில் இருந்த எனக்கும் பாவமாகிவிட்டது.

வியாழக்கிழமை தன் உதவி மெக்கானிக்கிடமும் கேட்டார். பத்து வருடமாக அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர், அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். அன்றைக்கு நிமிராமலே சொன்னார்.

"எதை வேணா படிங்க மேடம். ஆனா இத்தன வருஷத்துல அந்த மிஷினோட மூடியக்கூட என்னத் தனியா கழட்ட விட்டதில்ல நீங்க. நீங்க போயிட்டா நான் என்ன செய்யறது?"

இரண்டில் எதை எடுத்தாலும் மிஷினிலிருந்து கையை எடுத்தாக வேண்டும் என்பது மேடத்துக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. அன்று முழுக்க யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி அறையில் நானும் இருந்தேன். "வந்து சார்..." என்று மேடம் தொடங்கும்போதே கீழே சத்தம் நின்றது. லேபிள் மிஷின் படுத்துவிட்டது. விருட்டென்று எழுந்து சன்னலுக்குப் போனார். நானும் எட்டிப் பார்த்தேன். கீழே உதவி மெக்கானிக் தன்னந்தனியாக மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அந்தப் பக்கம் இல்ல" என்று முணுமுணுத்தபடி, கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினார் மேடம். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

"தொழில்நுட்பமே போட்டுக்குங்க சார்."

கீழே இன்னும் சத்தம் வரவில்லை. மேடம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.