கேஸ் வரிசையில் ஒரு கல்யாணம்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில், வீட்டுக்குப் போக ஹேவாஹெட்ட பஸ்ஸுக்காக நின்றபோது போன் வந்தது. மாரிமுத்து அண்ணனின் மனைவி பேசினார். "தங்கச்சி, அவரு போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." பஸ்ஸில் ஏறினேன், உடனே இறங்கினேன். அண்ணன் வீட்டுக்குப் போகும் தெல்தோட்டை பஸ் எங்கே நிற்கும் என்பதுகூட மறந்துவிட்டது.

எங்கள் சர்க்கஸில் அண்ணன் கோமாளி. நான் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டியவள். தேயிலைத் தோட்டத்தில் வேலை குறைந்தபோது கூடாரம் கட்ட வந்தவர் அவர். கயிறு இழுத்தபடியே எல்லோரையும் சிரிக்கவைத்ததைப் பார்த்த முதலாளி, முகத்தில் சாயம் பூசி அரங்கத்துக்குள் அனுப்பிவிட்டார். அவரை நினைத்துக் கூடியிருக்கும் உங்களில் பலருக்கு இது தெரியும்.

நாட்டில் எரிபொருள் இல்லாமல் போனபோது, கண்டிக்கு வெளியே எங்கள் கூடாரமும் இருண்டு கிடந்தது. சமைக்க கேஸும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் அடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்தபோது, அண்ணன் வெறும் சிலிண்டருக்குச் சேலை சுற்றி மாலை போட்டு, மாப்பிள்ளையாக நடந்து வந்தார்.

"பொண்ணைத் தூக்கிப் பாருங்க, கனமே இல்ல. அவங்க வீட்டுல சோறு போடல போல!"

வரிசை சிரித்தது. ஆனால் ஓர் ஆட்டோக்காரர் பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தார். "வீட்டுல புள்ளைங்க பட்டினி. ஒனக்குக் கூத்தா?"

"என் வீட்டுலயும் அதேதாங்க. அழுதும் பார்த்தேன், அடுப்பு எரியல."

பிடி தளர்ந்தது. அந்த மனிதர் தெருவோரம் உட்கார்ந்து அழுதார். வரிசை நகரும்வரை அண்ணன் அவரருகிலேயே இருந்தார். திரும்பும் வழியெல்லாம், "நான் செஞ்சது தப்பா, தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

சர்க்கஸ் மறுபடி தொடங்கியதும் அரங்கத்தில் அவர் நடத்திய அந்தச் சிலிண்டர் கல்யாணத்துக்குக் கூடாரமே சிரிப்பில் அதிர்ந்தது. அவருக்கோ நிம்மதியில்லை, தினமும் எதையாவது மாற்றுவார். எனக்கு எரிச்சல் வரும். "அதான் கைதட்டுறாங்களே, அப்புறம் என்னண்ணே?"

"ஓரத்துல ஒரு அம்மா சிரிக்கவே இல்ல, பார்த்தியா? சிரிக்கிறவங்க நான் இல்லாட்டியும் சிரிப்பாங்க."

அந்தத் தவிப்புதான் எனக்கு அவர் விட்டுப்போனது. இப்போது கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறேன். கூட்டத்தில் ஒரு முகம் இறுகியிருந்தால் கை வேலையில் தங்குவதில்லை. நேற்று அப்படி ஒரு பெண்ணிடம் போய், "உக்காருங்கக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.